போரும் பொறியும்: கொட்டியாரப் பிரதேச உழைப்பாளர் பற்றிய ஒரு குறிப்பு

உழைப்புச் சந்தையைத் தொழில்நுட்பமே மாற்றியமைக்கின்றது என்பது இன்று பரவலாக நிலவும் கருத்தாகும். கொட்டியாரக் குடாவின் தெற்கே, வயல்வெளிகள் சூழ்ந்த தோப்பூரின் அனுபவம் இக்கருத்தை மறுபரிசீலனை செய்யத் தூண்டுகின்றது.

குடாவின் வடபுறத்துள்ள திருகோணமலைத் துறைமுகம் பிரித்தானியக் கடற்படைத் தளமாக விளங்கியது. இரண்டாம் உலகப் போர் அங்கு கூலியுழைப்பின் தேவையைப் பெருக்கிற்று. 1942 ஏப்ரல் 9இல் ஜப்பானிய விமானங்கள் குண்டு வீசியதும் அத்தளத்தின் மீதேயாகும். 1957இல் தளம் இலங்கையிடம் கையளிக்கப்பட்டதும் அதனைச் சார்ந்த தொழில்கள் சுருங்கின. ஏகாதிபத்தியத்தின் தேவை தந்த வேலை, அத்தேவையோடு அகன்றது.

2006இன் போரோ உற்பத்தியாளனையே நிலத்தினின்றும் பிரித்தது. ஜூலையில் விடுதலைப் புலிகள் மாவிலாற்று மதகை மூடினர்; அரசு படை நடவடிக்கையில் இறங்கியது. ஆகஸ்டில் மூதூர், தோப்பூர் மக்கள் கந்தளாய் முதலிய இடங்களுக்குப் பெயர்ந்தனர். விதைநெல்லும் கால்நடையும் இழந்தோர்க்கு உழைப்புச் சக்தியன்றி விற்பதற்கு வேறில்லை.

போருக்குப் பின் கிழக்கின் வயல்களில் அறுவடை இயந்திரம் பரவலாயிற்று. பலர் சேர்ந்து பல நாள் செய்த வேலையை அது சில மணி நேரத்தில் முடித்தது. வயலில் கூலி குறைய, மத்திய கிழக்குக்குச் செல்லும் நிர்ப்பந்தம் மிகுந்தது. இன்று கையடக்கத் தொலைபேசி அவ்வுழைப்பாளரைக் குடும்பத்தோடு இணைக்கின்றது; ஆனால் ஊரில் அவருக்கு ஒரு தொழிலை அளிக்கவில்லை.

எனவே பொறியைப் பழிப்பதிற் பயனில்லை. போர் வெறுமையாக்கிய வயலிலே பொறி யாருடைய உடைமையாக வந்திறங்கிற்று என்பதே ஆராயப்பட வேண்டிய வினாவாகும்.