கஞ்சனும் சிக்கனக்காரனும் – ஒரு வார்த்தையால் வந்த வினை

போன டிசம்பர்ல நடந்த கூத்து இது. என் அறைத்தோழன் அமெரிக்கன். எவ்வளவு குளிர் அடிச்சாலும் ஹீட்டரை 62 டிகிரிக்கு மேல (ஃபாரன்ஹீட்தாங்க) ஏத்த விடமாட்டான். ஒரே டீ பையை ரெண்டு தடவை முக்குவான். ஒருநாள் நாலு பேர் இருக்கும்போது, நம்ம ஊர்ல "கஞ்சப்பய"ன்னு கிண்டல் பண்ற நினைப்புல, "யூ ஆர் எ மைசர்"னு சொல்லித் தொலைச்சுட்டேன். பய முகம் சுண்டிப்போச்சு. முந்தின மாசம் எனக்கு உதவித்தொகை தாமதமானப்ப, நான் கேட்காமலே என் பங்கு வாடகையையும் சேர்த்துக் கட்டினவன் அவன்!

உறுத்தல் தாங்காம நூலகத்துல சொற்பிறப்பு அகராதியைப் புரட்டினேன்.

மைசர்னா லத்தீன்ல 'பரிதாபத்துக்குரியவன்'. மிசரிங்கிற சொல்லுக்கும் அதே வேர்தான். 16ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்கு வந்தப்பவும் முதல்ல அதே பொருள்தான். பணத்தைப் பூட்டி வெச்சுக்கிட்டு தானும் அனுபவிக்காத ஆளைவிட பரிதாபம் வேற யாருன்னு நினைச்சாங்களோ என்னவோ, கடைசியில அவனுக்கே அந்தச் சொல்லைப் பட்டா போட்டுக் கொடுத்துட்டாங்க.

இங்கிலாந்தின் பேர்போன மைசர் ஜான் எல்வ்ஸ் (1714–1789). பெரும் சொத்துக்காரர், நாடாளுமன்ற உறுப்பினர் வேற. மெழுகுவர்த்தி செலவாகும்னு இருட்டினதும் படுத்துடுவாராம். வண்டிக்கூலிக்கு யோசிச்சு மழையில நடந்து வந்து, அடுப்பு மூட்டாம ஈரத்துணியோடவே உட்கார்ந்திருப்பாராம். 1790ல் எட்வர்ட் டோப்ஹாம் இவர் வரலாற்றை எழுத, புத்தகம் சக்கைபோடு போட்டது. அதே டோப்ஹாம்தான் இன்னொண்ணும் சொல்றார்: ஒரு பிரபு குதிரைப்பந்தயத்துக்குப் பணமில்லாம தவிச்சப்ப, கேட்காமலேயே 7000 பவுண்டு கடன் கொடுத்தவரும் இந்த எல்வ்ஸ்தான். தனக்குச் செலவழிக்கத்தான் மனசு வரலை. இவருக்கு 'மைசர்' அதன் பழைய பொருளில்தான் பொருந்தும்னு தோணுது.

த்ரிஃப்ட் கதை நேர் எதிர். ஸ்காண்டிநேவியப் பக்கத்துச் சொல், 'செழிப்பு'ன்னு அர்த்தம். செழிச்சவன், காசைப் பார்த்துச் செலவழிச்சதால செழிச்சான்னு ஆகி, மெல்ல சிக்கனத்துக்கு வந்து சேர்ந்தது. ஃப்ரூகலுக்கு வேர் லத்தீன்ல 'பலன், கனி'. ரெண்டுமே பாராட்டுதான். 'சீப்' மட்டும் பாவம்! பழைய ஆங்கிலத்துல அது வியாபாரம், சந்தைன்னு மரியாதையா இருந்த சொல். லண்டன்ல சீப்சைடு தெரு இன்னும் இருக்கு. இன்னிக்கு ஒருத்தரை 'சீப்'னு சொன்னா அடிதடிதான்.

நான் பிழைச்சதே பெரிசு. 1999 ஜனவரில வாஷிங்டன்ல மேயர் ஆண்டனி வில்லியம்ஸின் உதவியாளர் டேவிட் ஹோவர்ட், பட்ஜெட்டைப் பத்திப் பேசும்போது 'நிக்கர்ட்லி'ன்னு சொன்னார். கஞ்சத்தனமாங்கிறதுக்கு அது பழைய ஆங்கிலச் சொல். அதோட வேர்ச்சொல் சாசர் காலத்துலயே உண்டு. கருப்பின மக்களை இழிவா சொல்ற வார்த்தையோட அதுக்கு எந்த உறவும் கிடையாது. ஆனா காதுல விழும்போது அப்படியா கேட்குது? மனுஷர் பதவியை விட்டு விலகவேண்டியதாச்சு. கருப்பின உரிமை இயக்கத் தலைவர் ஜூலியன் பாண்டே அவருக்காகப் பேசினார். அப்புறம் மேயர் திரும்பக் கூப்பிட்டு வேற பொறுப்பு கொடுத்தார். அகராதிப்படி அவர் பக்கம்தான் நியாயம். இருந்தாலும் அந்தச் சொல்லை நான் எந்தக் காலத்திலும் வாயில எடுக்கமாட்டேன் சாமி.

அன்னிக்கு ராத்திரியே அறைத்தோழன்கிட்ட மன்னிப்பு கேட்டு, "நீ மைசர் இல்லப்பா, த்ரிஃப்டி"ன்னு திருத்திச் சொன்னேன். கொஞ்ச நேரம் முறைச்சான். அப்புறம் சிரிச்சுக்கிட்டே ஸ்வெட்டரை இழுத்துக் காட்டினான். த்ரிஃப்ட் ஸ்டோர்ல, பழைய துணிக் கடையில, மூணு டாலருக்கு வாங்கினதாம் :-)