விமான நிலையம் கட்டினா சுற்றுலா வந்துடுமா? மத்தளயும் பலாலியும் சொல்லும் பாடம்

ஊருக்கு ஒரு விமான நிலையம் வந்துட்டா போதும், சுற்றுலாப் பயணிகள் தானா வந்து குவிவாங்க என்ற நம்பிக்கை பல இடங்களில் உண்டு. இலங்கையில் இந்த நம்பிக்கை ஒரு இடத்தில் பொய்த்துப் போனது, இன்னொரு இடத்தில் ஓரளவு பலித்திருக்கிறது.

தெற்கே மத்தளயில் பெரிய ஓடுபாதை இருக்கிறது, ஆனா விமானங்கள் நிலைக்கவில்லை. வடக்கே யாழ்ப்பாணம் பலாலியில் இருப்பது சின்ன ஓடுபாதைதான். அங்கே சென்னையில் இருந்தும் திருச்சியில் இருந்தும் விமானங்கள் போகின்றன. ஏன் இந்த வித்தியாசம்? சென்னைக்குப் பக்கத்தில் பழவேற்காடு, பசியாவரம் போன்ற ஊர்களுக்கு இதில் என்ன பாடம்? விரிவாகப் பார்க்கலாம்.

மத்தளயில் என்ன நடந்தது?

மத்தள சர்வதேச விமான நிலையம் 2013 மார்ச் 18-ம் தேதி திறக்கப்பட்டது. அப்போதைய அதிபர் மகிந்த ராஜபக்சவின் சொந்த மாவட்டமான அம்பாந்தோட்டையில், அவர் பெயரிலேயே கட்டப்பட்டது. செலவு சுமார் 20.9 கோடி டாலர். அதில் 19 கோடி டாலர் சீனாவின் எக்ஸிம் வங்கி கொடுத்த கடன். ஓடுபாதையின் நீளம் 3,500 மீட்டர். ஆண்டுக்கு 10 லட்சம் பயணிகளைக் கையாளலாம் என்பது கணக்கு.

2015 ஜனவரியில் ஆட்சி மாறியது. அதே மாதம் ஸ்ரீலங்கன் ஏர்லைன்ஸ் அங்கிருந்து சேவையை நிறுத்தியது. அதன் பிறகு சரக்குக் கிடங்கில் நெல் மூட்டைகள் அடுக்கப்பட்டன. 2016-ல் போர்ப்ஸ் இதழ் இதை உலகிலேயே காலியான சர்வதேச விமான நிலையம் என்று வர்ணித்தது. வழக்கமான சேவை நடத்திவந்த ஃப்ளைதுபாயும் 2018-ல் கிளம்பிவிட்டது.

காரணம் என்ன? பயணிகள் ஓடுபாதையைப் பார்க்க வருவதில்லை. கட்டுநாயக்க விமான நிலையத்தில் இறங்கினால் இணைப்பு விமானம், டாக்ஸி, ஹோட்டல், சுற்றுலா ஏஜென்சி எல்லாமே கிடைக்கும். கொழும்பில் இருந்து காலி நகரத்துக்கு 2011-லேயே அதிவேக நெடுஞ்சாலை வந்துவிட்டது. மத்தளயைச் சுற்றியோ காடும் சிறு ஊர்களும்தான். விமானத்தில் சீட் நிரம்பலைன்னா நிறுவனம் வராது. விமானம் வரலைன்னா பயணியும் வரமாட்டார். இந்தச் சுழலுக்குள் ஒரு விமான நிலையம் சிக்கினால் மீள்வது கஷ்டம். அதோடு 'காலியான விமான நிலையம்' என்ற பெயரும் ஒட்டிக்கொண்டது.

பலாலி எப்படி வேறுபடுகிறது?

பலாலிக்குப் பழைய கதை உண்டு. இரண்டாம் உலகப் போர் காலத்தில் பிரிட்டிஷ் விமானப்படை அமைத்த தளம் அது. 1947 டிசம்பரில் ஏர் சிலோன் நிறுவனத்தின் முதல் விமானம் கொழும்பு அருகே ரத்மலானையில் இருந்து காங்கேசன்துறை வழியாகத்தான் சென்னைக்கு வந்தது. அந்தக் காங்கேசன்துறை நிலையம்தான் இன்றைய பலாலி. உள்நாட்டுப் போர் வந்ததும் அது ராணுவத் தளமாக மாறியது.

2019 அக்டோபர் 17-ம் தேதி யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையமாக மீண்டும் திறக்கப்பட்டது. அலையன்ஸ் ஏர் சென்னையில் இருந்து சேவை தொடங்கியது. சில மாதங்களிலேயே கொரோனா வந்து எல்லாம் நின்றது. 2022 டிசம்பர் 12-ம் தேதி சேவை மறுபடி தொடங்கியது. 2024 செப்டம்பரில் இண்டிகோவும் சேர்ந்தது. 2025 மார்ச்சில் திருச்சியில் இருந்தும் விமானம் வந்தது.

இங்கே ஓடுவது 70 முதல் 80 பேர் வரை ஏறக்கூடிய ஏடிஆர் ரக சிறிய விமானங்கள். ஆனா அவற்றில் ஏற ஆட்கள் முன்பே இருந்தார்கள். சென்னையில் உறவினர் உள்ள யாழ்ப்பாணக் குடும்பங்கள், வெளிநாட்டில் வாழும் ஈழத்தமிழர்கள், வியாபாரிகள், நல்லூர் திருவிழாவுக்குப் போகும் பக்தர்கள் எனப் பட்டியல் நீளும். கொழும்பில் இறங்கினால் யாழ்ப்பாணத்துக்குச் சாலை வழியாக சுமார் 400 கிலோமீட்டர். ஏழெட்டு மணி நேரம் ஆகும். சென்னையில் இருந்து விமானத்தில் ஒன்றேகால் மணி நேரம்தான். தேவை முதலில், விமானம் பிறகு என்பதுதான் பலாலியின் பலம்.

இதற்கு ஒரு விலையும் இருக்கிறது. 1990-ல் போரால் இடம்பெயர்ந்த வலிகாமம் வடக்கு மக்களின் நிலம் விமான தளத்தைச் சுற்றி ராணுவத்தின் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் போனது. அதில் ஒரு பகுதி இன்னும் உரிமையாளர்கள் கைக்கு வரவில்லை. ஓடுபாதையை நீட்டினால் பெரிய விமானம் வரும், ஆனா யாருடைய நிலத்தில் நீட்டுவது என்ற கேள்வி அங்கே சும்மா கேட்கப்படுவதில்லை.

ஒரு செய்தி எத்தனை டிக்கெட்டை ரத்து செய்யும்?

விமான நிலையம் நன்றாக இருந்தாலும், மக்கள் மனதில் இருக்கும் படம் மாறினால் எல்லாம் மாறும். இலங்கைக்கு வந்த வெளிநாட்டுப் பயணிகளின் எண்ணிக்கையே அதற்குச் சாட்சி.

2018: சுமார் 23.3 லட்சம் பேர்
2019: 19.1 லட்சம்
2020: 5 லட்சம்
2021: 1.9 லட்சம்
2022: 7.2 லட்சம்
2023: 14.9 லட்சம்
2024: 20.5 லட்சம்

2019 ஏப்ரல் 21, ஈஸ்டர் ஞாயிறு. தேவாலயங்களிலும் கொழும்பு நட்சத்திர ஹோட்டல்களிலும் நடந்த குண்டுவெடிப்புகளில் 250-க்கும் அதிகமானோர் பலியானார்கள். அடுத்த மாதம் நாட்டுக்கு வந்த பயணிகள் 38 ஆயிரத்துக்கும் குறைவு. முந்தைய ஆண்டு அதே மே மாதத்தில் வந்தவர்கள் 1.29 லட்சம் பேர். ஓடுபாதை அதேதான், கடற்கரையும் அதேதான். மாறியது பயம் மட்டும்தான்.

இதில் பலருக்குத் தெரியாத ஒரு விஷயம் உண்டு. ஒரு நாட்டு அரசு தன் குடிமக்களிடம் 'அங்கே அவசியமில்லாமல் போகாதீர்கள்' என்று சொன்னால், பல பயணக் காப்பீடுகள் செல்லாமல் போகும். காப்பீடு இல்லாமல் ஏஜென்சிகள் குழுக்களை அனுப்பாது. ஒரு அறிவிப்பு இப்படித்தான் காலி ஹோட்டல் அறைகளாக மாறுகிறது.

சிறிய நாட்டுக்கு இந்த அடி ரொம்ப பலமாக விழும். 2018-ல் இலங்கை சுற்றுலாவில் சம்பாதித்தது சுமார் 440 கோடி டாலர். 2021-ல் அது 50 கோடி டாலராகச் சுருங்கியது. 2022-ல் பெட்ரோல், எரிவாயு வாங்கக்கூட டாலர் இல்லாமல் நாடு தவித்ததற்கு இதுவும் ஒரு காரணம். பங்க் வாசலில் நீண்ட வரிசைகளை டிவியில் பார்த்தவர்கள் அந்த ஆண்டும் டிக்கெட் போடத் தயங்கினார்கள்.

பசியாவரத்தில் இருந்து பார்த்தால்?

விமான நிலையம் பக்கத்தில் இருந்தும் பயணிகள் தங்காத இடங்களும் உண்டு. அதற்கு இலங்கை வரை போக வேண்டாம். சென்னைக்கு வடக்கே சுமார் 60 கிலோமீட்டரில் பழவேற்காடு இருக்கிறது. சில்காவுக்கு அடுத்து இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி. குளிர்காலத்தில் பூநாரைகள் கூட்டமாக வரும். 1613-ல் டச்சுக்காரர்கள் கட்டிய கெல்டிரியா கோட்டையின் மிச்சமும், அவர்களின் கல்லறைத் தோட்டமும் இங்கேதான். ஏரியின் அக்கரையில் இருக்கும் மீனவ கிராமங்களில் ஒன்று பசியாவரம்.

2011 டிசம்பர் 25-ம் தேதி, கிறிஸ்துமஸ் அன்று, சுற்றுலா வந்தவர்களை ஏற்றிச் சென்ற படகு இங்கே கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். அளவுக்கு மீறி ஆட்கள், லைஃப் ஜாக்கெட் இல்லை. அதன் பிறகு சுற்றுலாப் படகு சவாரிக்குத் தடை விதிக்கப்பட்டது. 'பழவேற்காடு படகா, ஆபத்து' என்ற எண்ணமும் பரவியது. சர்வதேச விமான நிலையம் ஒரு காலைப் பயணத் தூரத்தில் இருந்தும் அந்த எண்ணத்தை அது மாற்றவில்லை.

மாற்றக்கூடியது வேறு. பதிவு பெற்ற படகு, ஏறுவோர் எண்ணிக்கைக்கு வரம்பு, ஒவ்வொருவருக்கும் லைஃப் ஜாக்கெட், பறவைகளைக் கலைக்காத பாதை, இவை நடக்கிறதா என்று பார்க்கும் அதிகாரி. மீன்பிடிக்கும் இடத்தை முறைவைத்துப் பகிரும் 'பாடு' வழக்கம் இந்த ஏரி மீனவர்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. சவாரிக்கு அனுமதி வந்தால், அதே மாதிரி முறைவைத்து ஓட்டினால் வருமானம் ஒருசிலர் கையில் மட்டும் நிற்காது.

அப்போ விமான நிலையமே வேண்டாமா?

அப்படி இல்லை. விமானம் இல்லாமல் யாழ்ப்பாணம் இவ்வளவு சீக்கிரம் சென்னைக்குப் பக்கத்து ஊர் ஆகியிருக்காது. ஆனா புதிய விமான நிலையம் என்று அறிவிப்பு வரும்போது மூன்று கேள்விகள் கேட்கலாம். அதில் ஏற இப்போதே ஆள் இருக்கிறதா? இறங்கிய பிறகு ஊருக்குள் போக வழி இருக்கிறதா? போனவர் பத்திரமாகத் திரும்புவார் என்ற நம்பிக்கை இருக்கிறதா? முதல் கேள்விக்கு மத்தளயில் பதில் இல்லை. மூன்றாவது கேள்விக்கு பழவேற்காடு இன்னும் பதில் தேடுகிறது.