கடல் குப்பையில் கலை: பிளாஸ்டிக் எப்படி சிற்பமாகிறது? காவேரிப்பாக்கத்துக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?

பாட்டில் மூடி, அறுந்துபோன செருப்பு, கிழிந்த வலை... கடல் கரையில் தள்ளிவிட்டுப் போகும் இந்தக் குப்பையை வைத்தே பிரம்மாண்டமான மீன், ஆமை, பறவை எல்லாம் செய்கிறார்கள். ஒரு கலைஞர் தனியாக உட்கார்ந்து செய்வதில்லை. ஊரே சேர்ந்து செய்கிறது. இது எப்படி நடக்குது? இதனால் குப்பை குறையுமா? கடலே இல்லாத ராணிப்பேட்டை மாவட்டத்துக்கு இதில் என்ன வேலை? வாங்க, பார்க்கலாம்.

எங்கெல்லாம் செய்கிறார்கள்?

அமெரிக்கா: ஓரிகன் மாகாணத்தில் பாண்டன் என்ற சிறிய கடற்கரை ஊர். அங்கே ஓவிய ஆசிரியை ஏஞ்சலா ஹேசல்டைன் போஸி 2010-ல் 'வாஷ்டு அஷோர்' அமைப்பைத் தொடங்கினார். ஆயிரக்கணக்கான தன்னார்வலர்கள் இதில் கை கொடுத்திருக்கிறார்கள். இவர்களின் சிற்பங்கள் 2016-ல் வாஷிங்டனில் உள்ள ஸ்மித்சோனியன் தேசிய உயிரியல் பூங்காவில் காட்சிக்கு வைக்கப்பட்டன.

கென்யா: கரை ஒதுங்கிய ரப்பர் செருப்பை வெட்டி, கிவாயு தீவுக் குழந்தைகள் பொம்மை செய்து விளையாடினார்கள். 1990-களின் இறுதியில் அதிலிருந்து பிறந்த யோசனைதான் இன்றைய 'ஓஷன் சோல்' நிறுவனம். செருப்புகளைக் கழுவி, ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டி, கத்தியால் செதுக்கி யானை, சிங்கம் செய்கிறார்கள்.

ஆஸ்திரேலியா: கடலில் தொலைந்துபோன வலைகளும் வீசப்பட்ட வலைகளும் மிதந்தபடியே மீன், ஆமைகளைச் சிக்கவைத்துக் கொல்லும். இவற்றுக்கு 'பேய் வலை' என்று பெயர். டோரஸ் நீரிணையில் உள்ள எருப் தீவுக் கலைஞர்கள் அந்த வலைகளைப் பின்னியே கடல் உயிரினங்களை உருவாக்குகிறார்கள்.

செய்முறை என்ன?

1. பொறுக்குவது: கையுறை கட்டாயம். ஊசி, உடைந்த கண்ணாடி, மருத்துவக் கழிவை கலைக்குப் பயன்படுத்தக் கூடாது.

2. கழுவுவது: உப்பு, மணல், எண்ணெய்ப் பிசுக்கு போகும்வரை கழுவி உலர்த்த வேண்டும்.

3. பிரிப்பது: நிறம், அளவு வாரியாக. சிற்பத்துக்கான வண்ணம் இங்கேதான் கிடைக்கிறது. தனியாக பெயின்ட் தேவையில்லை.

4. கோர்ப்பது: துளை போட்டு, கம்பியால் சிறு சிறு தட்டிகளாகக் கட்டுவார்கள். குழந்தைகளும் பெரியவர்களும் சேர்ந்து செய்யும் கட்டம் இது.

5. பொருத்துவது: தட்டிகளை இரும்புச் சட்டத்தில் பூட்டுவார்கள். இந்த வேலைக்கு மட்டும் அனுபவசாலி வேண்டும்.

மூடி மட்டும் ஏன் அதிகம் கிடைக்குது?

தண்ணீர் பாட்டில் 'பெட்' வகை பிளாஸ்டிக். அது தண்ணீரைவிடக் கனமானது. உள்ளே தண்ணீர் புகுந்தால் மூழ்கிவிடும். மூடி பாலிஎத்திலீன் அல்லது பாலிபுரொப்பிலீன். அது மிதக்கும். கரையில் நாம் பார்ப்பது மிதந்து வந்த பங்கு மட்டும்தான்.

எல்லா கடல் பிளாஸ்டிக்கும் கலைக்கு ஆகாது. 2025 மே மாதம் கொச்சி அருகே மூழ்கிய 'எம்.எஸ்.சி. எல்சா 3' கப்பலில் இருந்து சிதறிய பிளாஸ்டிக் குருணைகள் கன்னியாகுமரி கரை வரை வந்து ஒதுங்கின. பயறு அளவே உள்ள அதை மணலில் இருந்து சலித்து எடுப்பதே பெரும்பாடு.

இதனால் குப்பை குறையுமா?

நேரடியாகப் பார்த்தால், பெரிதாகக் குறையாது. கடலில் சேரும் அளவோடு ஒப்பிட்டால் ஒரு சிற்பத்தில் அடங்குவது மிகக் கொஞ்சம். வெயிலில் வைத்தால் பிளாஸ்டிக் நொறுங்கி, நுண்துகளாக மறுபடி மண்ணில் விழும். அதனால் நிழலில் வைத்து, பழுதான பகுதியை அவ்வப்போது மாற்ற வேண்டும்.

பிறகு என்னதான் பயன்? வீசியெறிந்த பொருள் அடையாளம் தெரியும்படி திரும்பி வருவதுதான். சிற்பத்தின் கிட்டே போனால் பல் தேய்க்கும் பிரஷ், சீப்பு, லைட்டர் எல்லாம் நம்ம வீட்டுச் சாமானாகவே தெரியும்.

காவேரிப்பாக்கம் எங்கே வருது?

தமிழ்நாட்டின் பெரிய ஏரிகளில் ஒன்று காவேரிப்பாக்கம் ஏரி. வாலாஜா அருகே பாலாறு அணைக்கட்டில் இருந்து கால்வாய் வழியாக இதற்குத் தண்ணீர் வருகிறது. ஏரி நிரம்பி கோடி போனால், உபரி நீர் கொசஸ்தலை ஆற்றில் சேரும். அந்த ஆறு பூண்டி நீர்த்தேக்கம் வழியாகப் போய் எண்ணூரில் கடலில் கலக்கிறது. ஆக, சுமார் 100 கி.மீ. தள்ளியிருக்கும் கடலுக்கு இந்த ஏரியில் இருந்தே ஒரு பாதை இருக்கிறது. கால்வாயில் விழும் மூடி பூண்டியில் தங்கலாம். பெருமழையில் மதகு திறந்தால் எண்ணூருக்கும் போய்ச் சேரலாம்.

இன்னொன்றும் உண்டு. வெட்டுவது, துளை போடுவது, தைப்பது, ஒட்டுவது எல்லாம் ராணிப்பேட்டை முதல் ஆம்பூர் வரை தோல், காலணித் தொழிலில் இருப்பவர்களுக்குக் கைவந்த வேலை. ஒரு பள்ளியோ இளைஞர் மன்றமோ செய்ய நினைத்தால், சொல்லித்தர ஆள் ஊரிலேயே இருக்கிறார்கள். கடற்கரைக்குப் போகவும் வேண்டாம். கால்வாயிலும் ஏரிக்கரையிலும் கிடப்பதே போதும்.

எப்போது எடுக்கணும்?

ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும் 14 வகை பிளாஸ்டிக் பொருட்களுக்கு 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை இருக்கிறது. 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கமும் வந்தது. ஆனால் ஏற்கெனவே கால்வாயில் கிடப்பதை யாராவது இறங்கித்தான் எடுக்க வேண்டும். வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கும். அதற்கு முன்னால் எடுத்தால் சிற்பத்துக்கு ஆகும். விட்டுவிட்டால், அது எண்ணூர் மீனவரின் வலையில்தான் போய் விழும்.