சீனத் தைலமும் தமிழர் அறிந்த சரக்கும்

ஈப்போ நகரின் வடமேற்கே, கிளேடாங் மலையடிவாரத்தில் அமைந்த ஊர் ஜெலாப்பாங். நெற்களஞ்சியம் என்னும் பொருள் தரும் மலாய்ச் சொல் அது. ஆயினும் கிந்தாப் பள்ளத்தாக்கை வளர்த்தவை ஈயமும் ரப்பருமே. ஈய லம்பங்களில் பெரும்பாலும் சீனர் உழைத்தனர். ரப்பர்த் தோட்டங்களில் பெரும்பாலும் தமிழர் உழைத்தனர். தொழில் வேறாயினும் நோவு ஒன்றே. லம்பத்து மண்மேட்டில் சறுக்கியவனுக்கும், பால் வாளிகளைத் தோளில் சுமந்து மேடேறியவனுக்கும் சுளுக்கும் இரத்தக்கட்டும் பொதுவாயின.

இந்நோவுக்குச் சீனர் கையாளும் தைலத்தைக் கண்டோனியர் 'தித் தா சாவ்' என்பர். விழுந்ததற்கும் அடிபட்டதற்கும் உரிய மது என்பது அதன் பொருள். எலும்பு பொருத்தும் சின்சேமாரும் மற்போர்ப் பயிற்சியாளரும் தத்தம் செய்முறையைப் பரம்பரை இரகசியமாகக் காத்து வந்தனர். வேரும் பட்டையும் பிசினும் பூவும் இடித்து, அரிசிச் சாராயத்தில் இட்டு, ஜாடியின் வாயைக் கட்டிப் பல வாரம், சிலபோது பல மாதம் ஊறவைப்பர். பின்னர் வடித்து, வீங்கிய இடத்தில் சூடேறத் தேய்ப்பர்.

மருந்துச் சரக்கு விற்பனை பேராக்கில் வேரூன்றியமைக்குக் கோப்பெங் சான்றாகும். ஈப்போவுக்குத் தெற்கேயுள்ள அவ்வூரில் 1879-இல் இயூ கோங் என்பவர் 'யான் சாங்' என்ற மருந்துக் கடையைத் திறந்தார். நோவை மறக்க அபினியை நாடிய லம்பத் தொழிலாளர்க்கு மூலிகை தருவதே அவர் நோக்கம் என்று அந்நிறுவனத்தார் கூறுவர். இன்று அது பல நாடுகளில் கிளை பரப்பிய இயூ யான் சாங் நிறுவனம். புட்டியில் அடைத்த தைலங்கள் வந்தது பின்னரே. தமிழர் வீடுகளில் வழங்கும் கோடாலித் தைலம் 1928-இல் சிங்கப்பூரில் தோன்றியது.

தமிழாசிரியர் கருதத்தக்கது இத்தைலத்தின் உள்ளடக்கம். பல செய்முறைகளில் முதன்மையாக நிற்கும் பிசின்கள் இரண்டு. 'பால் வாசம்' என்று சீனர் பெயரிட்ட ஒன்று நம் குந்துருக்கம்; மற்றொன்று வெள்ளைப்போளம். இரண்டும் சீனத்து விளைபொருள் அல்ல. அரபு நாட்டிலிருந்தும் ஆப்பிரிக்கக் கரையிலிருந்தும் கடல் கடந்து சென்றவை. அவ்வழியில் தமிழர்க்கும் பங்குண்டு. 1015-இல் சோங் பேரரசரின் அவையை அடைந்த சோழத் தூதுக்குழு கொண்டுசென்ற கையுறைப் பொருள்களில் முத்தோடும் யானைக்கோட்டோடும் குந்துருக்கமும் இருந்தது.

கற்பூரத்தின் கதை இன்னும் சுவையானது. சிலப்பதிகார ஊர்காண் காதைக்கு உரை வகுத்த அடியார்க்கு நல்லார் கற்பூர வகைகளை அடுக்கும்போது 'வாரோசு' என்றும் 'சீனச்சூடன்' என்றும் குறிக்கிறார். வாரோசு என்பது சுமத்திராவின் மேற்குக் கரையிலுள்ள பாருஸ் துறையே. அதனருகே லோபு துவாவில் கிடைத்த 1088-ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு ஐந்நூற்றுவர் வணிகக் குழுவினருடையது. அதிலும் வாரோசு என்னும் பெயர் பொறிக்கப்பட்டுள்ளது. அத்துறைக் கற்பூரத்தைச் சீனர் 'பனிச்சில்லு' என்றழைத்து நோவு மருந்துகளில் சேர்த்தனர். ஆதலின், சீனன் கடை மருந்து என்று தோட்டத்தார் அயலாக எண்ணிய ஜாடியினுள், அவர்தம் முன்னோர் மரக்கலத்தில் ஏற்றிய சரக்கும் ஊறிக்கொண்டிருந்தது எனலாம்.

ஆனால் எல்லாச் சரக்கும் நன்மை பயப்பன அல்ல. சில செய்முறைகளில் நாவிக்கிழங்கு இனம் சேரும். சித்த மருத்துவர் சுத்தி செய்தன்றிக் கையாளாத நஞ்சு அது. வாய்வழி உட்சென்றால் நெஞ்சுத்துடிப்பைக் குலைத்து உயிரையும் போக்கும்; தோல் கிழிந்த இடத்தில் பூசினும் உடலிற் கலக்கும். ஆகவே உளி பட்ட புண்ணுக்கு இத்தைலம் ஆகாது. சாராய மணம் கமழ்வதால் குடிக்கலாம் என்று மயங்குவாரும் உண்டு. கடைப் புட்டியிலேனும் புறப்பூச்சுக்கு மட்டும் என்ற எச்சரிக்கை இருக்கும். சின்சேயின் வீட்டு ஜாடிக்குச் சீட்டும் இல்லை.