சளிக்காய்ச்சல் காலத்தில் பொதுக் கணினிகள்: கிருமி ஒட்டாமல் காப்பது எப்படி?

கோலாலம்பூர்: 2025 அக்டோபரில் நாட்டில் குறைந்தது 6,000 மாணவர்களுக்கு இன்புளுவென்சா கண்டது. சில பள்ளிகள் தற்காலிகமாக மூடப்பட்டன. குளிர் நாடுகளைப் போல இந்நோய்க்கு மலேசியாவில் தனிப் பருவம் கிடையாது. ஆண்டு முழுவதும் வரும். சில மாதங்களில் கூடும்.

பிரிக்பீல்ட்ஸ், கிள்ளான் வட்டாரங்களில் பள்ளிக் கணினி அறை, டியூஷன் மையம், சைபர் கஃபே, நாடி இணைய மையம் என ஒரே விசைப்பலகையைப் பலர் தொடும் இடங்கள் உண்டு. அங்கிருந்து பிள்ளையோடு கிருமியும் வீட்டுக்கு வரலாம். வீட்டில் தாத்தா பாட்டி இருப்பார்கள். 2019 தேசிய சுகாதார ஆய்வின்படி, மலேசிய இந்தியர்களில் பெரியவர்கள் 31.4 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. நீரிழிவு உள்ளவர்களுக்குச் சளிக்காய்ச்சல் நிமோனியா வரை போகக்கூடும்.

கிருமி எவ்வளவு நேரம் இருக்கும்?

சளிக்காய்ச்சல் பெரும்பாலும் இருமல், தும்மல் துளிகளால் பரவுகிறது. ஆனால் பிளாஸ்டிக் போன்ற கடினப் பரப்பில் அக்கிருமி 24 முதல் 48 மணி நேரம் வரை உயிரோடு இருக்கக்கூடும். விசையைத் தொட்ட விரல் கண், மூக்கு, வாயைத் தொடும்போது தொற்றுகிறது. காய்ச்சல் தெரிவதற்கு ஒரு நாள் முன்பே ஒருவர் மற்றவருக்குப் பரப்பலாம். ஆகவே, யாராவது நோயுற்ற பிறகு துடைத்தால் போதாது. தினமும் துடைக்க வேண்டும்.

துடைக்கும் முறை

1. கணினியை அணைத்து, மின்இணைப்பைத் துண்டிக்கவும்.

2. விசைப்பலகையைக் கவிழ்த்துத் தட்டி, தூசியை உதிர்க்கவும். அழுக்கின் மேல் மருந்து பூசினால் பயன் குறைவு.

3. மருந்தகத்தில் கிடைக்கும் 70 விழுக்காட்டு ஐசோபுரோபைல் ஆல்கஹாலை மென்மையான துணியில் ஊற்றி, பிழிந்து துடைக்கவும். கணினியின் மேல் நேராகத் தெளிக்கக் கூடாது.

4. எலி, ஹெட்போன், மேசை விளிம்பு, சுவிட்ச் ஆகியவற்றையும் துடைக்கவும். முழுதாகக் காய்ந்த பிறகே மின்சாரம் கொடுக்கவும்.

5. திரை தயாரிப்பாளரின் கையேட்டில் ஆல்கஹாலுக்கு அனுமதி இல்லையென்றால், ஈரத் துணி மட்டும் போதும்.

99 விழுக்காட்டு ஆல்கஹால் இன்னும் வலுவானதல்லவா என்று கேட்பதுண்டு. அது சட்டென ஆவியாகிவிடும். 70 விழுக்காட்டில் உள்ள நீர், மருந்து பரப்பில் சற்று நேரம் தங்கவும், கிருமியின் புரதத்தைச் சிதைக்கவும் உதவுகிறது. ஆல்கஹால் தீப்பற்றும்; அருகில் நெருப்பு கூடாது. குளோரோக்ஸ் போன்ற பிளீச் விசைகளையும் திரையையும் கெடுக்கும். அதை வேறு துப்புரவு மருந்துகளோடு கலந்தால் நச்சு வாயு கிளம்பும்.

கைதான் முதலில்

ஒவ்வொருவர் எழுந்ததும் துடைப்பது நடைமுறையில் கடினம். எனவே கணினியில் அமரும் முன்னும் எழுந்த பின்னும் சோப்புப் போட்டு 20 வினாடி கை கழுவுவதே மலிவான காப்பு. சன்னல்களைத் திறந்து காற்றோட்டம் விடுங்கள். ஆண்டுக்கொரு முறை தடுப்பூசி போடுவது பற்றி கிளினிக்கில் கேளுங்கள்.

காய்ச்சல் உள்ள பிள்ளையை வீட்டிலேயே வைத்திருங்கள். ஒரு நாள் பாடம் போனால் பிறகு படித்துக்கொள்ளலாம்.