லண்டன் வீட்டுக்காரரும் தீ இன்ஷூரன்ஸும்

1666ஆம் வருஷம் செப்டம்பர் 2ஆம் தேதி விடியுமுன், புட்டிங் லேன் என்ற சந்தில் ஒரு ரொட்டிக் கடையில் பற்றிய நெருப்பு, கீழைக்காற்றின் துணையோடு நான்கு நாட்கள் பரவி, பதின்மூவாயிரத்துக்கு மேற்பட்ட வீடுகளையும் புனித பவுல் தேவாலயத்தையும் சாம்பலாக்கிய சரித்திரம் பலரும் அறிந்ததே. ஆனால் அது அணைந்த பிறகு குடித்தனக்காரர்கள் பட்ட கஷ்டத்தை நாம் அவ்வளவாக நினைப்பதில்லை. அக்காலத்துக் குத்தகைப் பத்திரங்களின்படி வீட்டைப் பழுதுபார்க்கும் பொறுப்பு பெரும்பாலும் குடியிருந்தவனைச் சார்ந்ததாகையால், எரிந்துபோன வீட்டுக்கு வாடகையும் செலுத்தி, அதே மனையில் புதிய வீட்டையும் எழுப்பித் தரவேண்டிய நிர்ப்பந்தம் அநேகருக்கு ஏற்பட, அவ்வழக்குகளைத் தீர்ப்பதற்கென்றே 1667இல் தனி நியாயஸ்தலம் ஒன்றை ஸ்தாபிக்க நேர்ந்தது.

வைத்தியம் கற்றுக் கட்டடத் தொழிலில் இறங்கிய நிக்கலஸ் பார்பன் என்பவர் 1680ஐ ஒட்டித் தொடங்கிய தீ இன்ஷூரன்ஸ் ஸ்தாபனம், செங்கல் வீட்டுக்கு வருஷ வாடகையில் 2½ சதவிகிதமும், மர வீட்டுக்கு அதைப்போல் இரு மடங்கும் பிரீமியம் விதித்தது. வீட்டை எதனால் கட்டினாய் என்று கேட்டுத் தொகையை நிர்ணயித்த இம்முறை நியாயமானது என்றே சொல்லுவேன். ஏனெனில் ஜாக்கிரதையாகக் கட்டியவனுக்கு அதன் பலன் ரொக்கமாகவே கைக்கு வந்தது.

பணம் கட்டிய வீட்டின் முகப்பில் கம்பெனியார் ஈயத் தகடு ஒன்றை அறைந்தார்கள். 1710இல் தோன்றிய ஸன் கம்பெனியின் தகட்டில் மனித முகமும் கதிர்களும் கொண்ட சூரியனும், அதன் கீழே பாலிசி எண்ணும் இருக்கும். நெருப்பை அணைக்கக் கம்பெனிகள் தேம்ஸ் நதிப் படகோட்டிகளைச் சீருடை அணிவித்து அமர்த்தின. தகடு இல்லாத வீட்டை அவர்கள் எரியவிட்டுப் போனார்கள் என்று வழங்கும் கதைக்குத் தக்க ஆதாரம் இல்லை.

செலவு ஏறியதற்குக் காரணம் நெருப்பு மட்டுமன்று. யுத்தச் செலவால் கஜானா வற்றிய சர்க்கார், இன்ஷூர் செய்த ஒவ்வொரு 100 பவுனுக்கும் 1782இல் ஒன்றரை ஷில்லிங் தீர்வை விதித்து, அதைப் படிப்படியாக உயர்த்தி, 1815க்குள் மூன்று ஷில்லிங்காக்கியது. அபாயம் குறைந்த செங்கல் வீட்டுக்குக் கம்பெனி வாங்கிய பிரீமியமோ இதில் ஏறக்குறையப் பாதிதான்! தன் குடும்பத்துக்கு நிழல் இல்லாமற் போகக்கூடாதே என்று முன்கூட்டி நினைத்தவனிடம் அபராதம்போல் வசூலித்த இத்தீர்வை, அந்நாட்டு வரிகளில் மிகவும் அநியாயமானவற்றுள் ஒன்று.

அடுத்த அடி 1861 ஜூன் 22இல் விழுந்தது. தேம்ஸின் தென்கரையில் டூலி தெருவை ஒட்டிய பண்டகசாலைகளில், சணலும் கொழுப்பும் சர்க்கரையும் அடைந்து கிடந்த இடத்தில் தீப்பற்ற, அது பரவாமல் தடுப்பதற்கென்றே அமைத்திருந்த இரும்புக் கதவுகளைச் சாத்தாமல் விட்டிருந்தமையால், அறைக்கு அறை தாவி இரண்டு வாரம் எரிந்தது. கம்பெனிகள் சேர்ந்து 1833 முதல் நடத்திவந்த தீயணைப்புப் படையின் தலைவர் ஜேம்ஸ் பிரெய்ட்வுட், சுவர் இடிந்து மேலே விழுந்து அங்கேயே உயிர் துறந்தார். நஷ்டம் சுமார் 20 லட்சம் பவுன். கம்பெனிகள் பிரீமியத்தைக் கடுமையாக உயர்த்தின. வர்த்தகர்கள் ஆட்சேபித்துக் கூட்டம் போட்டார்கள். படையை இனி எங்களால் தாங்க முடியாது என்று கம்பெனிகள் சர்க்காருக்குத் தெரிவித்துவிட்டன.

அதன் பயனாக 1865இல் பிறந்த சட்டம் தீயணைப்பை நகரத்தின் பொதுக் காரியமாக்கி, செலவை ஊர் வரியிலும் சர்க்கார் மானியத்திலும் கம்பெனிகளின் பங்கிலுமாகப் பிரித்தது. கம்பெனிகள் தரவேண்டியது, இன்ஷூர் செய்த ஒவ்வொரு பத்து லட்சம் பவுனுக்கும் 35 பவுன். தெரு முழுவதையும் காக்கும் வேலைக்கு முன்யோசனைக்காரன் ஒருவனே பணம் கொடுத்த அநீதி இவ்வாறு பாதி நீங்கியது. மறுபாதியான தீர்வை 1869இல்தான் ரத்தாயிற்று.