முடிவெடுக்கும் உரிமை: பள்ளி விளையாட்டு அணிகளில் தலைமைப் பண்பு வளரும் விதம்

விளையாட்டு தலைமைப் பண்பை வளர்க்கும் என்பது பள்ளி ஆண்டு விழா மேடைகளில் தவறாமல் ஒலிக்கும் வாக்கியம். பரிசு வழங்க வந்த சிறப்பு விருந்தினர் சொல்கிறார். தலைமை ஆசிரியர் ஆமோதிக்கிறார். ஆய்வு நோக்கில் இதை ஏற்க வேண்டுமானால் ஒரு கேள்விக்குப் பதில் தேவை: விளையாட்டில் உள்ள எந்தச் செயல், எந்த வழியில், யாரிடம் அதை வளர்க்கிறது? மைதானத்தில் ஓடியாடுவதாலேயே அது வந்துவிடுமா? ஒருவரைக் கேப்டன் என்று அறிவித்தால் வந்துவிடுமா? இவ்விரண்டும் போதா என்பதே என் வாதம். உண்மையான ஒரு முடிவை மாணவரிடம் விட்டு, அதன் விளைவையும் அவரே சந்திக்கும்போதுதான் தலைமை வளர்கிறது. நம் பள்ளி அணிகளிலோ அந்த முடிவுகளில் பெரும்பாலானவை பெரியவர்கள் கையில் இருக்கின்றன. ஆட்ட விதிகளே மாணவருக்கென்று எழுதிவைத்த முடிவுகளும் அவற்றில் அடக்கம்.

பள்ளிக்காலத் தலைமையின் பயனுக்குச் சான்றாக, பீட்டர் கூன், கேத்தரின் வைன்பெர்கர் என்ற இரு பொருளியலாளர்கள் 2005இல் வெளியிட்ட ஆய்வைக் காட்டுவதுண்டு. அமெரிக்க உயர்நிலைப் பள்ளிகளில் அணித் தலைவராகவோ மன்றத் தலைவராகவோ இருந்த ஆண்கள், பிற்காலத்தில் மற்றவர்களைவிட அதிகம் சம்பாதித்தார்கள். தலைமை என்பதை எப்படி வரையறுக்கிறோம், எந்தக் காலத் தரவை எடுக்கிறோம் என்பதைப் பொறுத்து இந்த வேறுபாடு 4 முதல் 33 விழுக்காடு வரை இருந்தது. அறிவுத்திறனைச் சமன்செய்து பார்த்த பிறகும் அது மறையவில்லை. ஆனால் பதவி திறனைத் தந்ததா, திறன் இருந்தவர்களையே பதவி தேடி வந்ததா என்பதை இத்தகைய தரவால் முழுமையாகப் பிரித்துக் காட்ட முடியாது. ஏற்கெனவே துணிச்சலும் பேச்சும் உள்ள பிள்ளையைக் கேப்டனாக்கிவிட்டு, பத்தாண்டு கழித்து அவருடைய வெற்றியைப் பள்ளியின் கணக்கில் எழுதிக்கொள்வது எளிது.

பதவிக்கும் தலைமைக்கும் உள்ள இடைவெளியை இன்னும் துலக்கமாகக் காட்டியது பெல்ஜியத்தில் நடந்த ஆய்வு. காத்ரீன் ஃபிரான்சனும் உடனாய்வாளர்களும் ஒன்பது விளையாட்டுகளைச் சேர்ந்த 4,451 வீரர்களிடமும் பயிற்றுநர்களிடமும் கேட்டு 2014இல் வெளியிட்டார்கள். தலைமையை அவர்கள் நான்கு பணிகளாகப் பிரித்தார்கள்: களத்தில் உத்தி சொல்வது, ஊக்கமூட்டுவது, களத்துக்கு வெளியே அணியின் உறவுகளைப் பேணுவது, வெளியாரிடம் அணிக்காகப் பேசுவது. இந்த நான்கில் ஒன்றில்கூடத் தங்கள் கேப்டன் முதன்மைத் தலைவர் இல்லை என்றவர்கள் 44 விழுக்காடு. நான்கிலும் அவரே என்றவர்கள் வெறும் 1 விழுக்காடு. அமெரிக்காவில் டானா வோல்க்கர், டேனியல் கூல்டு ஆகியோர் பள்ளி அணிகளுக்குக் கேப்டனாக இருந்தவர்களைப் பேட்டி கண்டு 2011இல் எழுதிய ஆய்வு இதன் மறுபக்கம். அந்தப் பொறுப்புக்கு என்று தங்களுக்குக் கிடைத்த பயிற்சி மிகக் குறைவு, அல்லது அறவே இல்லை என்றுதான் அவர்கள் சொன்னார்கள். பதவியைக் கொடுத்தவர்கள் வேலையைச் சொல்லிக்கொடுக்கவில்லை.

இது தற்செயல் இல்லை. நம் பள்ளிகளுக்குக் கேப்டன் பதவி வந்த வழியிலேயே இதன் காரணம் இருக்கிறது. 1828 முதல் 1842 வரை இங்கிலாந்தின் ரக்பி பள்ளிக்குத் தலைமையாசிரியராக இருந்த தாமஸ் ஆர்னால்டு, மூத்த மாணவர்களைக் கொண்டு இளையவர்களை ஆளும் முறையைச் செப்பனிட்டார். விளையாட்டில் அவருக்குப் பெரிய நாட்டம் இருக்கவில்லை. அவருக்குப் பின் வந்தவர்கள்தான் அந்த ஆளும் முறையையும் விளையாட்டையும் ஒன்றாக முடிந்தார்கள். காலனி ஆட்சியில் அந்த முடிச்சு நம் பள்ளிகளுக்கும் வந்தது; ‘ஹவுஸ்’ பிரிப்பதும் கேப்டனுக்குப் பட்டை குத்துவதும் அதன் மிச்சம். இன்னொரு மரபு டிரில் மாஸ்டருடையது. படையிலிருந்து ஓய்வு பெற்று வந்தவர் விசில் ஊதினால் வரிசை அசையும், ஊதாவிட்டால் அசையாது. ஹாரி குரோ பக் 1920இல் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கியபோது, வெறும் டிரில்லுக்குப் பதிலாக ஆட்டங்களைக் கொண்டுவர முயன்றார். ஆட்டங்கள் வந்தன, விசிலும் கூடவே தங்கிவிட்டது.

அந்த விசில் இன்று எங்கே நிற்கிறது என்பதைப் பார்க்க ஒரு குறுவட்டக் கைப்பந்துப் போட்டி போதும். கைப்பந்தின் சர்வதேச விதிப்படி, பந்து ஆட்டத்தில் இல்லாதபோது விதியின் பொருளையோ நடுவரின் தீர்ப்பையோ பற்றி விளக்கம் கேட்கும் உரிமை ஆட்டக் கேப்டனுக்கு மட்டுமே உண்டு. பயிற்றுநர் டைம்-அவுட் கேட்கலாம், ஆள் மாற்றலாம். நடுவரிடம் வாதாட முடியாது. அதாவது வெளியாரிடம் அணிக்காகப் பேசும் பணியை விதியே ஒரு பதினாறு வயது மாணவரிடம் ஒப்படைத்திருக்கிறது. நடப்பது வேறு. பந்து கோட்டில் விழுந்ததா, வெளியே விழுந்ததா என்ற சிக்கல் எழுந்ததும் உடற்கல்வி ஆசிரியர் நாற்காலியை விட்டு எழுந்து நடுவரிடம் போகிறார். எதிரணி ஆசிரியரும் வருகிறார். பேச வேண்டிய மாணவி வலையோரம் நின்று பந்தை உருட்டிக்கொண்டிருக்கிறாள். டாஸ் போடுவது, ஸ்கோர் ஷீட்டில் கையெழுத்திடுவது, வென்றால் கோப்பையை வாங்குவது, இவ்வளவே அவளுக்கு விடப்பட்ட கேப்டன் வேலை. கோபமாக இருக்கும் ஒரு பெரியவர் முன் நிதானமாக நின்று தன் பக்கத்தைச் சொல்லும் வாய்ப்பு அவளுக்கு வேறெங்கே கிடைக்கும்? வீட்டிலோ வகுப்பிலோ கிடைப்பதில்லை. விதியே கொடுத்த இடத்தில் நாம் அதைப் பறித்துக்கொள்கிறோம்.

கோ-கோ இதைவிடத் தெளிவான களம். விரட்டும் அணியில் எட்டுப் பேர் நடுப்பாதையின் சதுரங்களில் ஒருவர் விட்டு ஒருவர் எதிரெதிர்த் திசை நோக்கி உட்கார்ந்திருக்க, ஒன்பதாமவர் விரட்டுகிறார். ஓடும் அணியினர் மூவர் மூவராக உள்ளே வருகிறார்கள். உட்கார்ந்திருப்பவர்களுக்கு இடையே அவர்கள் எப்படி வேண்டுமானாலும் வளைந்து ஓடலாம். விரட்டுபவருக்கோ எடுத்த திசையை மாற்றவோ நடுப்பாதையைக் கடக்கவோ உரிமை இல்லை. மறுபக்கம் போக ஒன்று கம்பத்தைச் சுற்றி வர வேண்டும். இல்லையென்றால் உட்கார்ந்திருப்பவரை முதுகுப்புறமிருந்து தொட்டு, ‘கோ’ என்று உரக்கச் சொல்லி எழுப்பிவிட்டு, அந்த இடத்தில் தான் உட்கார வேண்டும். இந்தக் கட்டுப்பாட்டில்தான் ஆட்டத்தின் உயிர் இருக்கிறது. ஓடுபவள் கையெட்டும் தூரத்தில் தெரிகிறாள். இன்னும் இரண்டு எட்டு வைத்துத் தானே தொட முயல்வதா, மறுபக்கம் பார்த்து உட்கார்ந்திருக்கும் தோழிக்குக் கோ கொடுப்பதா? கொடுத்தால் அவுட் எடுத்த பெயர் தோழிக்குப் போகும். கொடுக்காமல் ஓடினால் ஓடுபவள் இடைவெளியில் புகுந்துவிடக்கூடும். அடுத்து உட்கார்ந்திருப்பவள் களைத்திருக்கிறாளா, அவள் கவனம் ஆட்டத்தில் இருக்கிறதா என்பதும் தெரிந்திருக்க வேண்டும். ஒன்பது நிமிடச் சுற்றில் இந்த முடிவு திரும்பத் திரும்ப, வெவ்வேறு பெண்களின் கையில் வந்து விழுகிறது. ஓட்டத்தில் மெதுவானவளுக்கும் அது வரும். கேப்டனுக்கென்று தனிச் சலுகை எதுவும் இல்லை.

கோட்டுக்கு வெளியிலிருந்து ‘கோ கொடு, கோ கொடு!’ என்று கத்தும் குரலை இந்த இடத்தில் வைத்துப் பாருங்கள். அந்தக் குரல் வந்து சேர்வதற்குள் ஓடுபவள் அடுத்த இடைவெளிக்குப் போயிருப்பாள். குரலுக்காகக் காத்திருக்கப் பழகியவள் ஒவ்வொரு முறையும் அரை எட்டுப் பின்தங்குகிறாள். ஆட்டத்தில் இது சிறு இழப்பு. வளர்ச்சியில் பெரிய இழப்பு, ஏனென்றால் அவள் நாள்தோறும் பயில்வது கீழ்ப்படிதலைத்தான்.

உடற்கல்வி ஆசிரியர்களைக் குற்றம் சொல்ல நான் இதை எழுதவில்லை. பல நூறு மாணவர்களுக்கு ஒருவர் என்ற நிலையில், வெயிலில் சுண்ணாம்புக் கோடு போடுவது முதல் பேருந்துக் காசு புரட்டுவது வரை தனியாளாகச் செய்பவர்கள் அவர்கள். அவர்கள் கத்துவதற்குக் காரணம் போட்டி அமைப்பில் இருக்கிறது. குறுவட்டம், வருவாய் மாவட்டம், மாநிலம் என்று ஏறும் படிகளில் நாக்-அவுட் முறையே வழக்கம். பதினாறு பள்ளிகள் மோதினால் எட்டுப் பள்ளிகள் ஒரே ஆட்டத்தோடு வீடு திரும்பும். ஆண்டு முழுவதும் பயின்ற மாணவருக்கு ஒரே ஓர் ஆட்டம். அதில் ஒரு தவறான முடிவு எல்லாவற்றையும் முடித்துவிடும். வென்றால் கிடைக்கும் சான்றிதழின் பின்னால் பொறியியல் கலந்தாய்வின் 500 விளையாட்டு இடங்களும், அரசுப் பணியில் 3 விழுக்காட்டு ஒதுக்கீடும் நிற்கின்றன. ஏழைக் குடும்பத்துப் பிள்ளையின் வாழ்க்கை அதில் தொங்கும்போது, ‘நீயே முடிவெடு’ என்று சொல்ல எந்த ஆசிரியருக்கு மனம் வரும்?

ஆகவே முதலில் மாற வேண்டியது தவறுக்கான இடம். அதே பதினாறு பள்ளிகளை நான்கு நான்காகப் பிரித்து லீக் முறையில் ஆடவைத்தால், ஒவ்வொரு பள்ளிக்கும் குறைந்தது மூன்று ஆட்டங்கள் கிடைக்கும். அரையிறுதி, இறுதி ஆட்டங்களையும் சேர்த்தால், மொத்த ஆட்டங்கள் பதினைந்திலிருந்து இருபத்தேழாகும். செலவு கூடும் என்பது உண்மை. அருகருகே உள்ள நான்கு பள்ளிகள் சனிக்கிழமைகளில் ஆடிக்கொண்டால் அதைக் கட்டுக்குள் வைக்கலாம். முதல் ஆட்டத்தில் தவறாக முடிவெடுத்த மாணவருக்கு இரண்டாவது ஆட்டம் இருக்கிறது என்பதே இதன் பயன்.

அடுத்தது தேர்வு. நன்றாக ஆடுபவரே கேப்டன் என்பது நம் வழக்கம். ஆஸ்கர் கிரஸ்கி 1963இல் அமெரிக்கப் பேஸ்பால் அணிகளை ஆராய்ந்து, பிற்காலத்தில் மேலாளரானவர்களில் கேட்சர்களும் உள்வட்டத் தடுப்பாளர்களும் மிகுதி என்று காட்டினார். சக வீரர்களோடு ஓயாமல் ஊடாட வேண்டிய இடங்கள் அவை. நிற்கும் இடமே ஒருவரை வளர்க்கிறது என்றால், அந்த இடங்களில் மாணவர்களை மாற்றி மாற்றி நிறுத்துவதும் தலைமைப் பயிற்சிதான். மேலைநாட்டுக் கையேடுகள் அணியினரின் வாக்கெடுப்பைப் பரிந்துரைக்கின்றன. நம் ஊரில் அதை அப்படியே ஏற்பதற்கு எனக்குத் தயக்கம் உண்டு. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு மாணவரும் அவர் தங்கையும் உடன் படிப்பவர்களால் வெட்டப்பட்ட பின், நீதிபதி கே. சந்துரு தலைமையில் அரசு ஒருநபர் குழுவை அமைத்தது. 2024இல் அக்குழு தந்த அறிக்கை, சாதியைக் காட்டும் வண்ணக் கயிறுகளை மாணவர்கள் கையில் கட்டுவதைத் தடுக்கச் சொல்கிறது. கயிறு கட்டிய கைகள் உயரும் வாக்கெடுப்பில் தெருவின் எண்ணிக்கைதான் ஜெயிக்கும். சுழற்சி முறை இங்கே பாதுகாப்பானது: இந்த மாதம் ஒருவர், அடுத்த மாதம் இன்னொருவர், யாரும் விடுபடாமல். எந்தத் தெருப் பிள்ளையானாலும் அவர் சொல்லும் ஆள் மாற்றத்தை மற்றவர்கள் ஏற்றுத்தான் ஆக வேண்டும்.

ஒப்படைப்பது படிப்படியாகத்தான் நடக்க முடியும். டான் ஹெல்லிசன் வறிய பகுதிப் பிள்ளைகளோடு பணியாற்றி உருவாக்கிய பொறுப்புணர்வு முறை, பிறரை மதிப்பதில் தொடங்கி, தன் பயிற்சியைத் தானே நடத்திக்கொள்வது, பிறருக்கு உதவுவது என்று ஏறுகிறது. களத்தில் கற்றதை வெளியே கொண்டுபோவது அதன் கடைசிப் படி. டாரில் சீடன்டாப் வகுத்த விளையாட்டுக் கல்வி முறையில் மாணவர்களே நடுவர்கள், புள்ளி குறிப்பவர்கள், கருவிகளுக்குப் பொறுப்பாளர்கள். இவற்றை நம் பள்ளிக்குக் கொண்டுவரப் பெரிய திட்டம் வேண்டியதில்லை. உடலைச் சூடேற்றும் பயிற்சியை நடத்துவதை முதல் மாதத்திலேயே விட்டுவிடலாம். ஆறாம் வகுப்புப் பிள்ளைகளின் ஆட்டத்துக்குப் பதினோராம் வகுப்பினர் விசில் ஊதலாம். நடுவராக ஒரு முறை நின்றவருக்கு மறுபக்கம் எப்படி இருக்கும் என்று தெரிந்துவிடும். கைப்பந்தில் டைம்-அவுட் 30 வினாடி. அதில் முதல் பாதி மாணவர்கள் பேசட்டும், ஆசிரியர் கேட்கட்டும். தோற்ற பிறகு ‘ஏன்டா இப்படிச் செஞ்சே?’ என்ற அதட்டலுக்குப் பதிலாக, ‘அந்த நேரத்தில் உனக்கு என்ன தெரிந்தது?’ என்று கேட்டால் மாணவர் தன் முடிவைத் தானே திரும்பிப் பார்ப்பார். காயம், வெயில், உடல்நலம் சார்ந்த முடிவுகள் மட்டும் எந்நாளும் ஆசிரியரிடமே இருக்க வேண்டும். வலியை மறைத்துக்கொண்டு ஆடும் தோழனை வெளியே அனுப்பும் சுமையைப் பிள்ளைகள் தலையில் வைக்கக்கூடாது.

ஃபிரான்சன் சொன்ன நான்கு பணிகளில் களத்துக்கு வெளியே உள்ள இரண்டும் நம் பெண்கள் அணிகளில் யாரும் கேட்காமலேயே நடந்துகொண்டிருக்கின்றன. வெளியூர்ப் போட்டிக்கு அனுப்ப மறுக்கும் வீட்டுக்குப் போய், ‘அப்பா, நான் கூட இருக்கேன், ஆறு மணிக்குள்ள கொண்டுவந்து விட்டுடுறோம்’ என்று பேசி அனுமதி வாங்கி வருபவள் பெரும்பாலும் கேப்டனாக இருப்பதில்லை. ஆடும் அணியிலேயே இல்லாத மாற்று ஆட்டக்காரியாகக்கூட இருக்கலாம். அவள் இல்லாவிட்டால் அணியே களமிறங்காது. அவள் செய்வதைத் தலைமை என்று பெயரிட்டு, பள்ளியின் பதிவேட்டில் எழுதி, சான்றிதழில் சேர்ப்பது நம்மால் உடனே செய்யக்கூடியது.

இங்கே சொன்னவை சரியா என்று சோதிக்கவும் வழி உண்டு. ஓர் ஆட்டத்தில் எடுக்கப்படும் முடிவுகள் எண்ணக்கூடியவை: டாஸ் தெரிவு, சர்வீஸ் வரிசை, ஆள் மாற்றம், டைம்-அவுட், நடுவரிடம் பேசியது, கோ-கோவில் மூவர் குழுவை அனுப்பிய வரிசை. ஒவ்வொன்றையும் மாணவர் எடுத்தாரா, ஆசிரியர் எடுத்தாரா என்று பார்வையாளர் குறித்துக்கொள்ளலாம். பதினோராம் வகுப்பில் தொடங்கி இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து குறித்தால், மாணவர்களுக்கு அதிக முடிவுகளை விட்ட அணிகளையும் குறைவாக விட்டவற்றையும் ஒப்பிட முடியும். அளவுகோல் வினாத்தாளில் மாணவர் தன்னைப் பற்றித் தரும் மதிப்பெண்ணாக இருக்கக்கூடாது. அவரிடம் பயின்ற இளைய வகுப்புப் பிள்ளைகளும் எதிரணியினரும் நடுவர்களும் சொல்வதைச் சேர்க்க வேண்டும். தமிழ்நாடு உடற்கல்வியியல் மற்றும் விளையாட்டுப் பல்கலைக்கழகத்தின் ஆய்வு மாணவர்களுக்கு இது எட்டக்கூடிய வேலை. தேவைப்படுவது ஒரு குறிப்பேடும், ஒரு குறுவட்டத்தின் பள்ளிகளும், ஆட்டம் முடியும்வரை உட்கார்ந்தே இருக்கச் சம்மதிக்கும் சில ஆசிரியர்களும்.